ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று

ஜூலை 3, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் இன்று இருபண்புக் கலப்பு ஆரம்பித்தேன். பட்டாணிச் செடியில் உருண்டை விதை, சுருங்கிய விதை, மஞ்சள், பச்சை. கரும்பலகை முழுக்கப் பதினாறு கட்டம் போட்டு முடிப்பதற்குள் பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. வருடா வருடம் இப்படித்தான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி என்று சொன்ன பிறகு எல்லாப் பேனாவும் திறந்துகொண்டன.

பள்ளி விட்டதும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் போன வாரம் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருந்தது. செவிலியர் செல்வராணி அக்கா என்னை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லிப் பார்த்ததில்லை.

"ரத்தம் கம்மியாத்தான் இருக்கு டீச்சர், அது இங்க எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான். ஆனா டாக்டரம்மா இன்னொரு டெஸ்டு எழுதியிருக்காங்க. தலசீமியாவான்னு பாக்கணுமாம். ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க."

நான் எங்கே பயந்தேன்? வரும் வழியில் முருங்கைக்கீரை வாங்கினேன். மகள் வர்ணிகாவின் பள்ளி வேன் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, வகுப்பில் ஒரு பையன் பென்சிலைத் தின்ற கதையைக் கைகளால் படபடவென்று சொன்னாள். எட்டு வயதில் அவள் கைக்கு இருக்கிற வேகம் எனக்கு இன்னும் வரவில்லை. பாதிதான் புரிந்தது. முழுக்கப் புரிந்ததுபோல் சிரித்தேன்.

ஜூலை 5, புதன்

ரத்தம் கொடுத்தேன். வர்ணிகாவின் சீருடைக்குப் பொத்தான் தைத்தேன். வேறொன்றுமில்லை.

ஜூலை 10, திங்கள்

இருக்கிறது.

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். எனக்கு நோய் இல்லை. அந்த மரபணு ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. அதனால் கொஞ்சம் வெளிறிப்போய் இருப்பேன், கொஞ்சம் களைப்பு வரும், அவ்வளவுதான். வர்ணிகா வயிற்றில் இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரையாகக் கொடுத்தும் ரத்தம் ஏறாததற்கு இதுதான் காரணமாம்.

"உங்க வீட்டுக்காரருக்கும் இது இருந்தாதான் பிரச்சினை. குழந்தை ரெண்டு பக்கமும் கெட்டதையே வாங்கிக்கிச்சுன்னா, ஆறு மாசத்துலயே ரத்தம் வத்த ஆரம்பிக்கும். மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். வாழ்நாள் முழுக்க. அவருக்கு இல்லன்னா கவலையே இல்ல." எழுதிக்கொண்டே கேட்டார்: "அவரு சொந்தமா, அசலா?"

"அத்தை பையன்."

அவர் பேனா நின்றது. அப்புறம் எழுதினார்.

ஒடுங்கு பண்பு என்றால் என்ன என்று நான் பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இரண்டு பேரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் வெளியே வருவது. எனக்குப் புதிதாக எதையும் அவர் சொல்லவில்லை. வர்ணிகா விஷயத்தில் ஒருமுறை வந்துவிட்டதுதானே. எனக்குக் காது கேட்கும், அவள் அப்பாவுக்கும் கேட்கும், அவளுக்குக் கேட்காது. ஒரு வயதில் காதுக்குள் கருவி வைத்தார்கள். சீழ் பிடித்து, மூன்று வயதில் அதை எடுத்தார்கள். அப்போதே பரிசோதித்து, எந்த மரபணு என்று பெயரோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மாதையன் மாமா மாங்கூழ் ஆலையில் கொதிகலன் பார்க்கிறார். சீசன் முடிகிற நேரம். சட்டையெல்லாம் மாம்பழ வாசனை. கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

"லோடு வந்துக்கினே இருக்குது. சீசன் முடியட்டும், போயி குத்திக்கிறேன்."

"அவ்வளவு நாள் தாங்காது மாமா."

"எனக்கென்னா? நான் கல்லுமாதிரி இருக்கறேன்."

ஜூலை 12, புதன்

கணக்குப் போடச் சொன்னேன். ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்று எல்லோரும் சரியாக எழுதிவிட்டார்கள். இரண்டு பண்பும் ஓங்கியவை ஒன்பது, ஒன்று மட்டும் ஒடுங்கியவை மூன்றும் மூன்றும், இரண்டுமே ஒடுங்கியது ஒன்று. கடைசி வரிசையிலிருந்து பிரியதர்ஷினி எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"மிஸ், பதினாறு விதை இருந்தா ஒம்பது உருண்டை மஞ்சள் வரும்ங்கறீங்க. ஒரே ஒரு விதைதான் இருக்குதுன்னா, அது எந்தக் கட்டம் மிஸ்?"

"எதுவாகவும் இருக்கலாம்."

"அப்ப இந்தக் கணக்கு எதுக்கு மிஸ்?"

வகுப்பு சிரித்தது. அவளை உட்காரச் சொன்னேன். சாக்பீஸ் கையில் வேர்த்துப் பிசுபிசுத்தது. இன்று புழுக்கம் அதிகம்.

ஜூலை 15, சனி

அவர் இன்னும் போகவில்லை. நேற்று லோடு என்றார், இன்று கொதிகலனில் ஏதோ வால்வு என்றார். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். மருமகளாகி வந்த பிறகும் அவரை நான் வெறும் மாமியாராக நினைத்ததில்லை, அப்பாவின் கூடப் பிறந்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். அவராவது மகனிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஊசி போட்டு ரத்தம் எடுத்தா மட்டும் என்னாத்த தெரிஞ்சிரப் போவுது," என்று சொல்லிவிட்டு அத்தை துணி மடிக்கப் போய்விட்டார். மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராக ஆலைக்கே போனேன். வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அழுகிய மாம்பழத்தின் நாற்றத்தில் எனக்கு இரண்டு முறை குமட்டியது. காவலாளியிடம் சொல்லி அனுப்பினேன். மாமா ஓடி வந்தார். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"வாங்க மாமா, போலாம்."

"எங்க?"

அவருக்கும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பரிசோதனைக் கூடத்தில் அந்தப் பெண் கையில் ரப்பர் கட்டியபோது, கொதிகலனின் சூட்டில் பதினைந்து வருடம் நின்ற மனிதர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு கையால் என் முந்தானை நுனியைப் பிடித்திருந்தார். எழுந்திருக்கும்போதுதான் அதை விட்டார்.

ஜூலை 22, சனி

அவருக்கும் இருக்கிறது.

பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். சும்மா, போட்டுப் பார்க்கலாமே என்று. பட்டாணிக்குப் பதில் நாங்கள். ஒரு பண்பு ரத்தம், இன்னொன்று காது. இரண்டிலும் ஆளுக்கு ஒரு நல்லது, ஒரு கெட்டது. மேலே என் கருமுட்டையின் நான்கு வகை கேமீட்டுகள், பக்கவாட்டில் அவருடைய நான்கு. ரத்தத்தின் மரபணு பதினோராவது குரோமோசோமில், காதின் மரபணு பதின்மூன்றாவதில். வேறு வேறு குரோமோசோம் என்பதால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்தான் பிரியும். பாடப்புத்தகத்துக்காகவே செய்து வைத்தது போன்ற கணக்கு.

ஒன்பது கட்டத்தில் ஒன்றுமில்லை. மூன்றில் காது மட்டும் கேட்காது. மூன்றில் ரத்தம் மட்டும். ஒன்றில் இரண்டும்.

மாமா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இதுல வர்ணி எங்க இருக்கா?"

காட்டினேன்.

"அப்ப நாலுல ஒண்ணு காது கேக்காதுன்னா, அந்த ஒண்ணு வந்துடுச்சே. இனி மூணும் நல்லாத்தான வரும்?"

என் மாணவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. விடைத்தாளில் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். "அப்படி இல்ல மாமா. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் ஆரம்பிக்கும். போன தடவை என்ன வந்ததுன்னு அதுக்குத் தெரியாது."

அவர் கட்டங்களை விரல் வைத்து எண்ணினார். "ஒம்பதுங்கறது பாதிக்கு மேலதான?" என்றார்.

"ஆமா, பாதிக்கு மேலதான்."

"அப்புறம் என்னா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். சொம்பு விளிம்பு பல்லில் பட்டு டகடகவென்று சத்தம் வந்தது.

ஜூலை 23, ஞாயிறு

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம், நானும் அத்தையும். மாமா வெளியே போயிருந்தார். வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போக வேண்டும், பனிக்குடத்துக்குப் பக்கத்திலிருந்து துளி சதை எடுத்து, குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று சொன்னேன். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டதையும், மாமா இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

அத்தை காயைக் கீழே வைத்தார்.

"அவனுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது அத்தை?"

"அவனுக்கு மின்ன ஒரு பொண்ணு இருந்துச்சு எனக்கு. பொறக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நாலஞ்சு மாசத்துல வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. சுண்ணாம்புமாதிரி. வயிறு மட்டும் பெருத்துக்கினே போச்சு. சோகைன்னாங்க, காத்துக்கருப்புன்னாங்க. முனியப்பனுக்கு வேண்டிக்கினேன். நடக்க ஆரம்பிச்ச புள்ள நடக்கறத வுட்டுருச்சு."

ஒரு வார்த்தைகூட யாரும் என்னிடம் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. "ஒண்ணுதானா அத்தை?" என்று எப்படிக் கேட்டேனோ தெரியவில்லை.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "அவனுக்குப் பொறவு ஒரு பையன்," என்றார்.

பிறகு சொன்னார்: "மடியிலதான் போச்சு ரெண்டும். அந்தக் கனம் எப்படி இருந்துச்சுன்னா, கனமே இல்ல காவேரி. அதான் அவன ஊசி குத்த வேணாம்னு நெனச்சேன். தெரியாம இருந்தா இல்லாம இருக்கும்னு ஒரு இது."

அவரைக்காய் பொரியல் செய்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஜூலை 29, சனி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு சின்ன அறைக்குள் அழைத்தார்கள். மரபணு ஆலோசகர், கண்ணாடி போட்ட இளம்பெண், எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு தாளில் கட்டம் போட ஆரம்பித்தார். நான் ஆசிரியை என்று மாமா சொன்னதும் சங்கடமாகச் சிரித்துப் பேனாவை மூடினார். வர்ணிகாவை விட்டுவிட்டுப் போக முடியாமல் கூடவே கூட்டிப் போயிருந்தோம். அவள் மூலையில் உட்கார்ந்து யானை வரைந்துகொண்டு, நடுநடுவே எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படித்தான். வாயசைவு பாதி, முகம் பாதி.

"தலசீமியாவுக்கு எடுக்கற அதே சாம்பிள்லயே காது விஷயமும் பாத்துடலாம் மேடம். பாப்பாவோட ரிப்போர்ட் இருக்கே. பாத்துடட்டுமா?"

"பாத்துடுங்க," என்றார் மாமா.

"வேண்டாம்," என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வர்ணிகாவும் யானையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

ரத்தம் என்றால் அது உயிர் விஷயம், காது அப்படி இல்லை, தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்றேன். நியாயமான காரணம்தான். ஆலோசகரும் தலையாட்டினார். வெளியே வந்ததும் மாமா கேட்டார், "ஏன் வேணாம்ன? தெரிஞ்சா மனசு தயாராயிரும்ல?"

"கேக்காதுன்னு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்னா பண்றது. வளக்கறதுதான்."

"அப்ப எதுக்குப் பாக்கணும்?"

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஆலோசகரின் கேள்விக்கு வர்ணிகா எதிரில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்ட எனக்குக் கழுத்து அசையவில்லை. எனக்கு அதில் பயம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

ஊசி நீளமாக இருந்தது. திரையைப் பார்க்காதீர்கள் என்றார்கள். பார்த்துவிட்டேன். அவரைக்காய் அளவில் ஒன்று, அதற்குள் ஒரு துடிப்பு. ஊசி பக்கத்தில் வர வர அது விலகிப்போவதுபோல் எனக்குத் தோன்றியது. முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

ரத்தத்தில் இரண்டும் கெட்டது என்று வந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் இன்னும் பேசவில்லை. ரயிலில் ஒருமுறை மாமா ஆரம்பித்தார். "அப்படி வந்துச்சுன்னா..." என்றார். எதிர் இருக்கையில் இருந்தவர் வேர்க்கடலை நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல்லுக்குப் போக ஊரே கிளம்பியது. நான் அலையக் கூடாது என்பதால் வீட்டுக் குழாயடியிலேயே அத்தை மஞ்சள் கயிற்றை வைத்துக் கும்பிட்டு என் கழுத்தில் கட்டினார். முடிச்சு மூன்று முறை அவிழ்ந்தது.

வர்ணிகா என் வயிற்றைத் தொட்டுக் கைகளால் கேட்டாள்: "பாப்பா என்னை மாதிரியா, உங்களை மாதிரியா?"

"தெரியலையே. யாரை மாதிரி வந்தா உனக்குப் பிடிக்கும்?"

அவள் என் கழுத்துக் கயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அத்தை அவள் கையில் கட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 9, புதன்

மாதத் தேர்வு விடைத்தாள் திருத்தினேன். பிரியதர்ஷினி கட்டத்தைச் சரியாகப் போட்டு, விகிதமும் சரியாக எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "இது எத்தனை வரலாம் என்பதைச் சொல்லும், எது வரும் என்பதைச் சொல்லாது." பாடத்தில் இல்லாத வரி. முழு மதிப்பெண் போட்டேன். அதற்கு மேல் இன்று திருத்த முடியவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஆறாவது பிரிவேளையில் கைப்பேசி அடித்தது. சென்னை எண். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். கடன் வேண்டுமா மேடம் என்று ஒரு பெண் கேட்டாள். அவளிடம் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. திரும்பி உள்ளே வந்தபோது முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 16, புதன்

பேசிவிட்டோம். மாமாதான் ஆரம்பித்தார். அக்காவையும் தம்பியையும் கண்முன்னே தவறவிட்டவர்போலப் பேசினார்; இரண்டு பேர் முகமும் அவருக்குத் தெரியாது. அத்தை அவரிடமும் சொல்லிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாசாமாசம் ரத்தம் ஏத்துன புள்ளைங்கள சென்னையில பாத்தேன் காவேரி. நீ உள்ள இருந்தப்ப. ஒரு பையன் ஊசி குத்தறதுக்குத் தானே கைய நீட்டறான். அழுவல. அவன் அழுதிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும்."

"என்ன முடிவு மாமா?"

"நீ என்னா சொல்றியோ அது. ஆனா நீ மட்டும் சொன்னதா இருக்கக் கூடாது. நானும் சேந்துதான் சொன்னேன்னு இருக்கணும்."

என்ன முடிவு செய்தோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வந்துவிட்டது. குழந்தைக்கு நோய் இல்லை. எங்களைப்போல ஒன்று நல்லது, ஒன்று கெட்டது.

மாமாவுக்கு ஆலைக்குப் போன் செய்து சொன்னேன். இயந்திரச் சத்தத்திலிருந்து தள்ளி வந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு "சரி," என்றார். "சரி, சரி, வெச்சிரு." அத்தையிடம் சொன்னேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நல்ல செய்திதானே அத்தை என்று உலுக்கினேன். அவர் இந்தக் குழந்தைக்காக அழவில்லை என்று கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்கு உறைத்தது.

ஆகஸ்ட் 19, சனி

நன்றாகத் தூங்கினேன். இனிப் பயப்பட ஒன்றுமில்லை. காது விஷயம் நான்கில் ஒன்று. ரத்தம் சரியாகிவிட்டது என்பதால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பற்றி நான் நினைப்பதே இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

எழுத நேரமே கிடைப்பதில்லை. வயிறு நன்றாகத் தெரிகிறது. நன்றாக உதைக்கிறது. மதியச் சாப்பாட்டை இப்போதெல்லாம் ஆசிரியர் அறையில் சாப்பிடுவதில்லை, மணி தொங்குகிற தூணுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. தலைமை ஆசிரியர், "காதைப் பொளக்குமே டீச்சர், தள்ளி உக்காருங்க," என்றார். பரவாயில்லை சார் என்றேன்.

மணி அடிக்கும்போது வயிற்றில் கை வைத்துக்கொள்வது எல்லாக் கர்ப்பிணிகளும் செய்வதுதான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எதிர்வீட்டில் லட்சுமி வெடி வெடித்ததும் உள்ளே துள்ளியது. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் அதிரசம் சாப்பிட்டிருந்தேன். இனிப்புச் சாப்பிட்டாலும் துள்ளுமாம். அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொரு வெடி வெடித்தபோது துள்ளவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

பையன். வெள்ளிக்கிழமை காலையில் பிறந்தான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல அழுகை. அழுகையை வைத்து ஒன்றும் தெரியாது, வர்ணிகாவும் இப்படித்தான் அழுதாள்.

இன்று காலை ஒரு பெண் சின்னக் கருவியோடு வந்து அவன் காதுகளில் வைத்துப் பார்த்தார். வலது காதில் ஒருமுறை, இடது காதில் இரண்டு முறை, மறுபடி வலது காதில். "சரியா வரல மேடம். காதுக்குள்ள தண்ணி இருந்தாலும் இப்படிக் காட்டும். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

வர்ணிகா பிறந்தபோது இங்கே இந்தக் கருவி இல்லை. இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மாமா தொட்டிலைப் பார்த்துக்கொண்டே, "வளக்கறதுதான்," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று மூன்று முறை கதவைச் சாத்தினேன். காற்றில் சாத்திக்கொண்டது என்று அத்தையிடம் சொன்னேன். அவன் தூங்கிக்கொண்டே இருந்தான்.

மார்ச் 10, ஞாயிறு

நாளை மறுபரிசோதனை. மாமா மீன் வாங்கப் போயிருந்தார். அத்தை குளித்துக்கொண்டிருந்தார். நான் பையனை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வர்ணிகா சமையலறையில் தட்டு எடுக்கப் போனவள், அடுக்கை முழுசாகச் சரித்துவிட்டாள். எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் சிமெண்ட் தரையில் விழுந்து, கடைசித் தட்டு சுற்றிச் சுற்றி அடங்க வெகுநேரம் ஆனது.

பையன் தூக்கிவாரிப் போட்டுக் கைகளை விரித்தான். உதடு பிதுங்கியது. அலறினான்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சிரித்தேன். அழுதேன். அவன் நெற்றியில், காதில், மறு காதில் முத்தமாகக் கொடுத்தேன். ஜூலையிலிருந்து பயந்திருக்கிறேன். ரத்தத்துக்குப் பயந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லலாம். இதற்கும் பயந்தேன். இதற்குப் பயப்படவில்லை என்று நான் எழுதிய நாளெல்லாம் அதிகமாகப் பயந்திருந்தேன்.

நிமிர்ந்தபோது வர்ணிகா சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. தரையில் கிடந்த தட்டுகளைப் பார்த்தாள். தம்பியின் அழுகையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு நேரமில்லை.

"தம்பிக்குக் கேட்டுச்சா?" என்று கையால் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அவள் காலடியில் கிடந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு மெதுவாக, எனக்கும் புரிகிற வேகத்தில், கைகளால் சொன்னாள்: "அப்போ அவனும் உங்க பக்கம்."

எங்கள் பக்கம். இந்த வீட்டில் நான், மாமா, அத்தை மூன்று பேர் ஒரு பக்கமும் அவள் தனியாக இன்னொரு பக்கமும் இருந்திருக்கிறோம். எட்டு வருடமாக. அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆள் வருமா என்று அவள் காத்திருந்திருக்கிறாள். நான் எது வரக் கூடாது என்று பயந்தேனோ, அது வராமல் போய்விடுமோ என்று அவள் பயந்திருக்கிறாள். ஒரே வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

கையில் பிள்ளை இருந்ததால் அவளோடு பேசக் கை இல்லை. பக்கத்தில் வரச் சொல்லித் தலையசைத்தேன். வரவில்லை.

மாமா மீன் பையோடு உள்ளே வந்தார். தட்டுகளையும் எங்கள் முகங்களையும் பார்த்துத் திகைத்து நின்றார். வர்ணிகா அவரிடம், மதிப்பெண் குறைந்ததைச் சொல்வதுபோல, "தம்பிக்குக் காது கேட்குது," என்றாள்.

மாமாவின் முகத்திலும் அதே சந்தோஷம் வந்தது. ஆனால் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். மீனைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் கை மொழி என்னுடையதைவிட மோசம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைபோலச் சொல்வார்.

"அதனால என்ன? எனக்கும் காது கேட்குது. நான் உன்கூடப் பேசலையா?"

வர்ணிகா அவர் கைகளை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க ரொம்ப மெதுவாப் பேசுறீங்க அப்பா. அம்மாவுக்குப் பாதி புரியறதே இல்லை. புரிஞ்ச மாதிரி சிரிக்கறாங்க."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பையனைப் பார்த்தேன்.

"அப்ப யாராச்சும் வேகமாப் பேசறவங்க வேணும்," என்றார் மாமா. "இவனுக்கு யாரு சொல்லித் தர்றது? எங்களால ஆவாது."

வர்ணிகா யோசித்தாள். பிறகு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டிக் காட்டினாள். பையனை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அழுகை விக்கலாகிவிட்டிருந்தது. அவள் அவன் முகத்துக்கு நேரே விரல்களை மெல்ல அசைத்தாள். அவன் கண்கள் அலைந்தன, பிறகு அவள் விரல்களில் போய் நின்றன. விக்கல் நின்றது. அவள் அவனிடம் எதையோ வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நீளமாக, நடுவில் நிறுத்தாமல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தமுறை சிரிக்கவில்லை.

"அவன்கிட்ட என்ன சொல்ற?" என்று அவள் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பாமலே ஒரு கையால் சொன்னாள்: "இருங்கம்மா, பேசிட்டிருக்கோம்."